மூன்று விவரங்கள் இல்லாத அட்டை: விஸ்கான்சின் மாணவர்களும் வாக்காளர் அடையாளச் சட்டமும்

அமெரிக்காவில் மாணவர் அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போட முடியுமா? மாநிலத்துக்கு ஒரு பதில் கிடைக்கும். டெக்சஸில் முடியாது. கைத்துப்பாக்கி உரிமம் இருந்தால் அதைக் காட்டலாம். டென்னசியிலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். விஸ்கான்சினில் முடியும் என்கிறது சட்டம். அந்த "முடியும்" என்ற சொல்லுக்காகத்தான் இந்த ஆய்வுக்கு விஸ்கான்சினை எடுத்துக்கொள்கிறேன். ஒரேயடியாக மறுக்கிற சட்டத்தை யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அனுமதித்துவிட்டு நிபந்தனைகளால் இறுக்குகிற சட்டம் அப்படிக் கண்ணில் படுவதில்லை.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் தேர்தல் ஆணையமே புகைப்படம் போட்ட வாக்காளர் அட்டையை அச்சடித்துக் கொடுக்கிறது. அமெரிக்காவில் அப்படி நாடு முழுவதற்கும் ஓர் அட்டை கிடையாது. தேர்தலை நடத்துவதும், வாக்குச்சாவடியில் எதைக் காட்ட வேண்டும் என்று தீர்மானிப்பதும் மாநிலங்களின் வேலை. பெரும்பாலானவர்கள் காட்டுவது டிரைவிங் லைசென்ஸ். அதனால் லைசென்ஸ் இல்லாதவர்களும், வேறு மாநில லைசென்ஸ் வைத்திருப்பவர்களும்தான் இந்தச் சட்டங்களில் முதலில் மாட்டுகிறார்கள். அந்த இரண்டு கூட்டத்திலும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சட்டம் கேட்டது என்ன

2010 தேர்தலில் விஸ்கான்சினின் ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு மே 25 அன்று ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2011ஆம் ஆண்டின் 23ஆம் எண் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஓட்டுப் போட வருபவர் புகைப்பட அடையாள அட்டை காட்டியாக வேண்டும். லைசென்ஸ், மாநில அடையாள அட்டை, பாஸ்போர்ட், ராணுவ அட்டை ஆகியவற்றோடு மாணவர் அட்டையும் பட்டியலில் இருந்தது.

ஆனால் அந்த மாணவர் அட்டை மாநிலத்தில் உள்ள அங்கீகாரம் பெற்ற கல்லூரியோ பல்கலைக்கழகமோ கொடுத்ததாக இருக்க வேண்டும். அதில் வழங்கிய தேதி, மாணவரின் கையெழுத்து, காலாவதி தேதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். காலாவதி தேதி, வழங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அப்புறம், இப்போதும் அங்கே படிக்கிறேன் என்பதற்குத் தனியாக ஓர் ஆவணமும் காட்ட வேண்டும். கட்டண ரசீது, வகுப்பு அட்டவணை, பல்கலைக்கழகக் கடிதம் என்று ஏதாவது ஒன்று. மாநிலத்தின் தொழில்நுட்பக் கல்லூரிகள் கொடுக்கும் அட்டை இந்தப் பிரிவில் அடங்குமா என்பதே முதலில் தெளிவில்லாமல் இருந்து, பிற்பாடுதான் தீர்ந்தது.

மாடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம்தான் மாநிலத்தின் மிகப் பெரிய வளாகம். அங்கே மாணவர்களுக்குக் கொடுக்கும் அட்டையின் பெயர் விஸ்கார்ட். விடுதிக் கதவைத் திறப்பதும், சாப்பாட்டுக் கூடத்தில் பணம் கழிவதும், நூலகத்தில் புத்தகம் எடுப்பதும் அந்த அட்டையால்தான். படம் இருக்கும், பெயர் இருக்கும். கையெழுத்து இல்லை. காலாவதி தேதியும் இரண்டு ஆண்டைத் தாண்டிப் போனது. பட்டப்படிப்பே நான்கு ஆண்டு என்னும்போது இரண்டு ஆண்டில் செத்துப்போகிற அட்டையை எந்தப் பல்கலைக்கழகம் அச்சடிக்கும்? ஆக, மாணவர் அட்டை செல்லும் என்று சொன்ன சட்டத்தின் கீழ் அந்த மாபெரும் வளாகத்தின் மாணவர் அட்டை செல்லவில்லை. மற்றப் பல வளாகங்களின் அட்டைகளுக்கும் இதே கதிதான்.

பல்கலைக்கழகம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஓட்டுப் போடுவதற்கென்றே இன்னோர் அட்டை. சட்டம் கேட்ட மூன்று விவரங்களும் அதில் இருக்கும். கேட்கும் மாணவர்களுக்கு இலவசம். வளாகத்துக்குள்ளேயே அட்டை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தை இதற்காகப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த இரண்டாம் அட்டை கதவைத் திறக்காது, சாப்பாடு வாங்காது. ஓட்டுப் போட அப்படி ஓர் அட்டை தேவை என்பதே தெரியாத 18 வயதுப் பிள்ளை அதை எப்படிக் கேட்டு வாங்கும்?

வாக்குச்சாவடிக்குள்

பக்கத்து மாநிலமான இல்லினாயிலிருந்து மாடிசனுக்குப் படிக்க வந்த 19 வயது மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடிமகள், விடுதியில் தங்கியிருக்கிறாள். படிக்கிற ஊரிலேயே ஓட்டுப் போட அவளுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை சும்மா வந்ததும் அல்ல. வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1971இல் வந்த பிறகும், டெக்சஸின் வாலர் மாவட்டத்தில் பிரெய்ரி வியூ என்ற கறுப்பினப் பல்கலைக்கழக மாணவர்களைப் பட்டியலில் சேர்க்க மறுத்தார் அங்கிருந்த பதிவு அதிகாரி. இந்த ஊரில் சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்து இங்கேயே வேலை பார்ப்பாயா என்று கேள்வித்தாள் நீட்டினார். 1979இல் உச்ச நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை உறுதி செய்தது.

சரி, நம் மாணவி தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்கு வருகிறாள். விஸ்கான்சினில் அன்றைக்கே பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அது அந்த மாநிலத்தின் பெரிய நல்ல அம்சம். பதிவு மேசையில் வசிப்பிடச் சான்று கேட்கிறார்கள். விடுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகம் சான்றளித்துக் கொடுத்த பட்டியல் அதிகாரியிடம் இருந்தால், அதோடு மாணவர் அட்டையைக் காட்டினால் போதும். சாதாரண விஸ்கார்டே செல்லும். கையெழுத்து வேண்டாம், தேதி வேண்டாம். பதிவு முடிந்தது.

அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போகிறாள். வாக்குச்சீட்டு கொடுக்கும் மேசை. அதே அட்டையை நீட்டுகிறாள். செல்லாது என்கிறார்கள்.

இல்லினாய் லைசென்ஸைக் காட்டுகிறாள். அரசு கொடுத்தது, படம், கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது. ஆனால் வேறு மாநிலத்து லைசென்ஸ், அதுவும் செல்லாது. பாஸ்போர்ட் பெற்றோர் வீட்டில் இருக்கிறது.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். இவள் இந்த ஊரில்தான் வசிக்கிறாள் என்று நம்புவதற்குப் போதுமான அட்டை, இவள் முகம் இவளுடையதுதான் என்று நம்புவதற்குப் போதவில்லை. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதுதான் புகைப்பட அட்டையின் வேலை என்றால், ஊழியர் பார்க்க வேண்டியது பெயரும் முகமும். அட்டையில் உள்ள முகவரி இப்போதைய முகவரியாக இருக்க வேண்டியதில்லை என்று விஸ்கான்சின் விதியே சொல்கிறது. பெயரும் முகமும் விஸ்கார்டில் தெளிவாகவே இருக்கின்றன.

அவளுக்கு இன்னும் வழிகள் உண்டு. வளாகத்துக்கு ஓடி அந்த இரண்டாம் அட்டையை வாங்கி வரலாம். இல்லையென்றால் தற்காலிக வாக்குச்சீட்டில் ஓட்டுப் போட்டுவிட்டு, அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் நகராட்சி அலுவலகத்தில் சரியான அட்டையைக் காட்டலாம். காட்டாவிட்டால் அந்த ஓட்டு எண்ணப்படாது. மாநில வாகனத் துறை அலுவலகத்தில் இலவச அடையாள அட்டை வாங்கும் வழியும் இருக்கிறது. அந்த அலுவலகங்கள் எப்போது திறந்திருக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. மாடிசனுக்கு வடமேற்கே உள்ள சாக் சிட்டி என்ற சிற்றூரில், 2016இல், ஐந்தாவது புதன்கிழமை வருகிற மாதங்களில் அந்த ஒரு நாள் மட்டும்தான் அலுவலகம் திறந்தது. ஆண்டுக்கு நான்கு நாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் தாண்ட முடியாத தடை இல்லைதான். ஆனால் அடுத்த வகுப்புக்கு நேரமாகிறது, பின்னால் வரிசை நீள்கிறது, வாழ்க்கையில் முதல் ஓட்டு வேறு. "பரவாயில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்பிப் போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நீதிமன்றங்களில் ஒன்பது ஆண்டு

சட்டம் 2012 பிப்ரவரித் தேர்தலில் அமலுக்கு வந்தது. மார்ச்சில் மாநில நீதிபதிகள் நிறுத்தி வைத்தார்கள். 2014 ஏப்ரலில், மாநிலத்தின் மிகப் பெரிய நகரமும் கறுப்பினத்தவர் நிறைய வாழ்வதுமான மில்வாக்கியின் கூட்டாட்சி நீதிபதி லின் அடெல்மன் சட்டத்தையே ரத்து செய்தார். பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 3,00,000 பேரிடம் செல்லத்தக்க அட்டை இல்லை என்று அவர் கணக்கிட்டிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், விஸ்கான்சின் வழக்குகளைக் கேட்கும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான ஏழாவது வட்ட நீதிமன்றம் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நவம்பர்த் தேர்தலுக்கு மட்டும் அதை மறுபடி நிறுத்தியது. 2015 மார்ச்சில் வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட, 2016இலிருந்து சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

2011இல் முதலாண்டு சேர்ந்த ஒரு மாணவர் 2015இல் பட்டம் வாங்குவதற்குள், அட்டை வேண்டும், வேண்டாம், வேண்டும், வேண்டாம் என்று மாறி மாறிக் கேட்டிருப்பார். தெளிவான ஒரே விதி, கடுமையானதாகவே இருந்தாலும், இதைவிட மேல். இந்தக் குழப்பத்தின் செலவைத் தீர்ப்புகள் கணக்கில் சேர்ப்பதில்லை.

2016 ஜூலை 29 அன்று மாடிசனின் கூட்டாட்சி நீதிபதி ஜேம்ஸ் பீட்டர்சன் இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தார். தேர்தல் மோசடி பற்றிய பயம் பெரும்பாலும் கற்பனை, அந்தப் பயத்தால் வாக்குரிமை இழப்பவர்களோ நிஜமானவர்கள் என்ற கருத்தை அவர் வெளிப்படையாகவே எழுதினார். மாணவர்களைப் பொறுத்தவரை அவர் செய்த முக்கியமான காரியம், காலாவதியான மாணவர் அட்டையையும் ஏற்க வேண்டும் என்றது. இப்போதும் படிக்கிறார் என்பதற்குத் தனி ஆவணம் கேட்கும்போது, அட்டையும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும் என்பதற்கு நியாயமே இல்லை என்பது அவர் வாதம். மாநில அரசு மேல்முறையீடு செய்தது. ஏழாவது வட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு 2020 ஜூன் 29 அன்று வந்தது. ஒரு மாணவர் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கி வெளியேறும் காலம் அது. பீட்டர்சன் ரத்து செய்த பலவற்றை அந்தத் தீர்ப்பு மீட்டது. தொகுதியில் 28 நாள் வசித்திருக்க வேண்டும் என்ற விதி அவற்றில் ஒன்று. 2011 சட்டத்துக்கு முன்னால் அது 10 நாளாக இருந்தது. காலாவதியான மாணவர் அட்டையை ஏற்கும் பகுதி மட்டும் தப்பியது.

இதனால் இன்றைய நிலைமையை அப்படியே எழுதுகிறேன். காலாவதி தேதி தாண்டிய மாணவர் அட்டை, படிப்புச் சான்றோடு வந்தால் செல்லும். காலாவதி தேதியே அச்சிடாத அட்டை, அதே படிப்புச் சான்றோடு வந்தாலும் செல்லாது. தேதி கடந்துபோனாலும் பாதகமில்லை என்றால், அந்தத் தேதி அட்டையில் இருந்தே ஆக வேண்டும் என்பதன் பயன் என்ன? 2019இல் இந்தக் கேள்வியை எழுப்பி ஒரு வழக்குத் தொடரப்பட்டது. மாடிசன் கூட்டாட்சி நீதிமன்றம் 2021இல் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் அடியில் இருப்பது 2008இல் இந்தியானா மாநிலத்தின் புகைப்பட அட்டைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று ஏற்றுக்கொண்ட கிராஃபோர்ட் வழக்கு. ஓர் அலுவலகத்துக்குப் போய் அட்டை வாங்குவது பெரும்பாலான வாக்காளர்களுக்குப் பெரிய சுமை இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. அதன்பின் நீதிமன்றங்கள் ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே எடுத்து, இது சின்னதுதானே என்று எடை போடுகின்றன. என் கருத்தில் கோளாறு அங்கேதான் இருக்கிறது. நீதிபதிக்கு அவை தனித்தனிப் பிரிவுகள். மாணவிக்கு அவை ஒரே காலைப்பொழுதில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

யாரை நினைத்து எழுதப்பட்டது

சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மாணவர் அட்டையை நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஆளுக்கொரு வடிவத்தில் அச்சடிக்கின்றன. எதற்கும் பொதுத் தரம் இல்லை. குடியுரிமையைச் சரிபார்த்து யாரும் அதைக் கொடுப்பதில்லை. எல்லாம் உண்மை. ஆனால் குடிமக்கள் அல்லாதவர்களும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம். லைசென்ஸும் குடியுரிமைக்குச் சான்று அல்ல. தகுதியைப் பார்ப்பது பதிவின்போது நடக்கிற வேலை. பொதுத் தரம் இல்லை என்பதுதான் கவலை என்றால், பல்கலைக்கழகங்களுக்கு ஒரு தரத்தை வகுத்துக் கொடுத்து, அதற்கேற்ப அட்டைகளை மாற்ற அவகாசமும் பணமும் கொடுத்திருக்கலாம்.

நோக்கம் என்ன என்பதற்கு உள்ளிருந்தே ஒரு சாட்சி வந்தது. 2011இல் குடியரசுக் கட்சி செனட்டர் டேல் ஷூல்ட்ஸின் தலைமை உதவியாளராக இருந்தவர் டாட் ஆல்பா. கட்சி செனட்டர்கள் மூடிய அறையில் இந்த மசோதாவைப் பேசிய கூட்டத்தில் அவர் இருந்தார். மில்வாக்கியின் குடியிருப்புப் பகுதிகளிலும் கல்லூரி வளாகங்களிலும் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள் என்ற தொனியில் ஒரு செனட்டர் பேசினார் என்றும், சிலர் குதூகலமாக இருந்தார்கள் என்றும் 2016இல் பீட்டர்சன் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் க்ளென் குரோத்மன், நவம்பரில் விஸ்கான்சினில் தங்கள் கட்சி ஜெயிக்க இந்த அட்டைச் சட்டமும் கொஞ்சம் உதவும் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார்.

எத்தனை பேர் தடுக்கப்பட்டார்கள்

2016இல் டிரம்ப் விஸ்கான்சினை 22,748 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அட்டைச் சட்டம்தான் அதைத் தீர்மானித்தது என்று அப்போதே பலர் எழுதினார்கள். அதற்கு ஆதாரம் போதாது. மாடிசன் பேராசிரியர் கென்னத் மேயர் நடத்திய ஆய்வில், மாடிசன் இருக்கும் டேன் மாவட்டத்திலும் மில்வாக்கி மாவட்டத்திலும் பதிவு செய்திருந்தும் ஓட்டுப் போடாதவர்களில் 11.2 சதவீதம் பேரை இந்தச் சட்டம் ஏதோ ஒரு வகையில் தடுத்ததாகத் தெரிந்தது. அது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. அவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கான்சஸ், டென்னசி மாநிலங்களை ஆராய்ந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கை, அட்டைச் சட்டங்களால் வாக்குப்பதிவு 2 முதல் 3 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்ததாகவும், 18 வயதினரிடமும் புதிதாகப் பதிவு செய்தவர்களிடமும் அந்தச் சரிவு கூடுதலாக இருந்ததாகவும் சொன்னது. மறுபக்கம், 2008 முதல் 2018 வரை நாடு முழுவதையும் பார்த்த கான்டோனி, பான்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் ஆய்வு, இத்தகைய சட்டங்களால் ஒட்டுமொத்த வாக்குப்பதிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. இரண்டும் மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் தடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை மாநிலச் சராசரியை அசைக்காத அளவுக்குச் சிறியது என்பதால் அந்த மாணவியின் ஓட்டு திரும்பக் கிடைத்துவிடாது.

இதோடு இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்குப்படி, 1983இல் அமெரிக்காவின் 18 வயதினரில் சுமார் 80 சதவீதம் பேரிடம் லைசென்ஸ் இருந்தது. 2014இல் அது சுமார் 60 சதவீதம். லைசென்ஸை மையமாக வைத்த அடையாளச் சட்டங்கள் பரவிய காலத்தில்தான் இளைஞர்களிடம் லைசென்ஸ் குறைந்துகொண்டே வந்தது.

மற்ற மாநிலங்களின் போக்கு

ஐடஹோவில் செல்லுபடியாகிக்கொண்டிருந்த மாணவர் அட்டையை 2023இல் சட்டமன்றம் பட்டியலிலிருந்து நீக்கியது. இலவச மாநில அட்டைக்கும் அப்போது வழி செய்தார்கள். ஐடஹோ உச்ச நீதிமன்றம் 2024இல் நீக்கத்தை ஏற்றுக்கொண்டது. இந்தியானாவில் அரசுப் பல்கலைக்கழக அட்டைகள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் செல்லுபடியாகின. 2025இல் அதையும் எடுத்துவிட்டார்கள். வட கரோலினாவில் 2024 ஆகஸ்டில் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் கைபேசி வழி மாணவர் அட்டையைத் தேர்தல் வாரியம் அங்கீகரித்தது. தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது செப்டம்பர் இறுதியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. வளாகங்கள் பிளாஸ்டிக் அட்டையிலிருந்து போனுக்கு மாறிக்கொண்டிருப்பதால், இந்தச் சண்டை எல்லா மாநிலங்களுக்கும் வரப்போகிறது.

விஸ்கான்சினில், 2025 ஏப்ரல் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் புகைப்பட அட்டை விதி மாநில அரசியலமைப்பிலேயே ஏறியது. சுமார் 63 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அட்டை காட்டச் சொல்வதை மக்கள் பெருவாரியாக ஏற்கிறார்கள் என்பதை மதிக்கத்தான் வேண்டும். அது எந்த அட்டை என்பது வேறு கேள்வி. அந்தத் திருத்தத்திலும், எவை செல்லும் என்று முடிவு செய்யும் அதிகாரம் சட்டமன்றத்திடமே விடப்பட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியின் புகைப்பட அட்டையும் படிப்புச் சான்றோடு வந்தால் செல்லும் என்று மாற்ற ஒரு சாதாரண மசோதா போதும். ஐடஹோ, இந்தியானா வழியில் மாணவர் அட்டையை அடியோடு நீக்கவும் அதே அளவு மசோதா போதும்.